கை படாத வயிறு

எங்கள் காலனியில் நாலு கர்ப்பிணிப் பெண்களின் அட்டையை வாங்கித் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். நாலு அட்டையிலும் ரத்த அழுத்தம் 110/70. ஒருத்திக்கு வயசு இருபது, தலைப்பிள்ளை. ஒருத்திக்கு முப்பத்து மூணு, மூணாவது பிள்ளை. ஒருத்தி செங்கல் சூளையில் மண் மிதித்துவிட்டு வந்தவள். இன்னொருத்தி வீட்டோடு இருப்பவள். நாலு பேர் உடம்பிலும் ஒரே ரத்தம், ஒரே வேகம். மாசாமாசம் ஏறாமல் இறங்காமல் ஓடியிருக்கிறது. எடை மட்டும் மாசத்துக்கு ஒரு கிலோ, படி வைத்து அளந்த மாதிரி ஏறியிருக்கிறது. எடை மெஷின் கெட்டுப்போய் ஆறு மாசமாச்சு என்று அங்கன்வாடியில் சமைக்கிற அம்மா சொன்னார்கள்.

தலைப்பிள்ளைக்காரியிடம் கேட்டேன்.

"எப்படிம்மா பிரஷர் எடுத்தாங்க?"

"வந்து ஒக்காந்தாங்க. தலைசுத்துதான்னு கேட்டாங்க, இல்லன்னேன். கால் வீங்குதான்னு கேட்டாங்க, இல்லன்னேன். எழுதிக்கினாங்கக்கா."

"கையில பட்டை சுத்தலியா?"

"அதெல்லாம் ஊர்த்தெரு பொண்ணுங்களுக்குத்தான் சுத்துனாங்க. நாங்க போறதுக்குள்ள பைக்குள்ள வச்சிட்டாங்க."

இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். வயிற்றை அளக்கிற டேப்பை இவள் கையிலேயே கொடுத்து, நீயே புடிச்சுக்கோ, எவ்வளவு வருதுன்னு மட்டும் சொல்லு என்றார்களாம். "எங்க ஆரம்பிச்சி எங்க முடிக்கணும்னு எனக்குத் தெரியுமாக்கா? பாவாட நாடாலேர்ந்து புடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயிற்றுப் பிள்ளை நல்லா இருக்கா என்று பார்க்கிற சோதனை என்றதும் படித்தவர்களுக்கு ஸ்கேன்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த அட்டையில் இருக்கிற கட்டங்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் கையால் செய்ய வேண்டியவை. சோகை இருக்கிறதா என்று பார்க்க, கீழ் இமையை விரலால் இழுத்து உள்சதையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வீக்கம் பார்க்க, கணுக்காலுக்கு மேலே முன் எலும்பின் மேல் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுக்க வேண்டும். குழி விழுந்து நிற்கிறதா, மேலே எழும்பி வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கர்ப்பப்பை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று உள்ளங்கை ஓரத்தால் தடவித் தேட வேண்டும். 20 வாரத்தில் அது தொப்புள் பக்கம் வரும். அதற்கப்புறம் அடிவயிற்று எலும்பிலிருந்து பையின் உச்சி வரைக்கும் டேப் வைத்தால், வரும் சென்டிமீட்டர் ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். நாலைந்து சென்டிமீட்டர் குறைந்து நின்றால் பிள்ளை வளரவில்லையோ, நீர் குறைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். தலை மேலே இருக்கா கீழே இருக்கா, முதுகு எந்தப் பக்கம் என்பதற்கு இரண்டு கையையும் வயிற்றில் பதித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறதற்கு 1895ல் பினார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் ஒரு மரக்குழலைச் செய்தார். சின்ன ஊதுகொம்பு மாதிரி இருக்கும். அகன்ற வாயை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை ஒட்டிக் குனிந்து கேட்க வேண்டும். நிமிஷத்துக்கு 110லிருந்து 160 வரை அடித்தால் சரி. இப்போது கையடக்க டாப்ளர் வந்துவிட்டது, சத்தம் வெளியிலேயே கேட்கிறது. ஆனால் அந்தக் குழல் இருந்த காலம் வரைக்கும் கேட்கிறவளின் தலை, படுத்திருக்கிறவளின் வயிற்றுமேல் கிடந்தாக வேண்டும். சேரிப் பெண்ணின் வயிற்றில் யார் தலையைச் சாய்ப்பார்கள்?

தீண்டாமை என்ற சொல்லை நாம் எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். மேடையில் பேசும்போது தேநீர்க்கடை, கோயில், சுடுகாடு என்று வரிசை சொல்வோம். வயிற்றைச் சொல்வதில்லை. அது தொடுவதா தொடாமல் விடுவதா என்பது மட்டுமே பிரச்சினையாக இருக்கிற இடம். அங்கே தம்ளரும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு கையும் ஒரு வயிறும்தான்.

எங்க ஆயா பிள்ளை பார்க்கிறவர். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர்த்தெருவுக்கு என்று மருத்துவச்சி தனியாக இருந்தார். அந்த அம்மா காலனிக்குள் வந்ததில்லை. காலனிக்கு எங்க ஆயாதான். புள்ளத்தாச்சியைப் பாயில் படுக்க வைத்து, விளக்கெண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு வயிற்றைத் தடவுவார். கண்ணை மூடிக்கொள்வார். "தலை மேல நிக்கிதுடி, இன்னும் திரும்பல" என்பார். "இன்னைக்கு எத்தினி வாட்டி ஒதைச்சுது?" என்று கேட்பார். பிள்ளை துள்ளுவதை எண்ணச் சொல்லி இப்போது டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். ஆயா அதை எழுத்துத் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்கு உடனே கண் கலங்கிவிடும். பாட்டி வைத்தியம், மண்ணின் அறிவு என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதை வேண்டாம். எங்க ஆயா கைக்கு ரத்தக்கொதிப்பு தெரியாது. சிறுநீரில் இறங்குகிற புரதம் தெரியாது. ஜன்னி கண்டு செத்துப்போன பொம்பளைகளைப் பற்றி அவரே சொல்லுவார், பேய் அடிச்சிடுச்சி என்று. அது பேயில்லை. கர்ப்பத்தில் 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்தால் வருகிற நோய். ஜனங்கள் "உப்பு இருக்கு" என்று சொல்வது இதைத்தான். பட்டை சுற்றிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆபத்து அதிகம் உள்ளவளுக்கு 12 வாரத்திலிருந்தே சின்ன ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாம். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. ஆயாவிடம் கை இருந்தது, கருவி இல்லை. இன்றைக்குக் கருவி வந்துவிட்டது.

என் சின்னம்மா மகளுக்கு முப்பதாவது வாரம் இருக்கும். தலைவலி என்றாள். வெயில்ல களை எடுக்கிறா, தலைவலி வராம என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். கால் வீங்கியிருந்தது. புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கறது சகஜம்தானே என்றார்கள். நான் போன அன்னைக்கு, "அக்கா, கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரியே இருக்குது" என்றாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்னால் எழுதினது, 110/70. வீக்கம் என்ற கட்டத்தில் இல்லை. சிறுநீர் என்ற கட்டத்தில் இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பட்டை சுற்றிய நர்சு ஒரு தடவை பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் சுற்றினார். 160/110. சிறுநீரில் மூணு பிளஸ். 108 வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசி மேல் ஊசி. இந்த நோய்க்கு முடிவு பிள்ளையை வெளியே எடுப்பதுதான். எடுத்தார்கள். பொம்பளப் பிள்ளை. 1 கிலோ 200 கிராம். நாலு நாள் இருந்தாள்.

தாய் பிழைத்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு, துணியை வைத்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் ஒரு மாசம்.

மனு எழுதிக்கொண்டு போனோம். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். அட்டையை வாங்கிப் புரட்டினார். "எல்லா விசிட்லயும் நார்மலாத்தானே இருக்கு. சடன்னா ஏறியிருக்கும்மா. இந்த நோய் அப்படித்தான்" என்றார். திடீரென்று ஏறுவது உண்டு, பொய்யில்லை. அதனால்தானே மாசாமாசம் பட்டை சுற்றச் சொல்லியிருக்கிறது? ஆனால் அந்த அறையில் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அட்டைதான். அது எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. தொடாமல் எழுதின எண், தொட்டு எழுதின எண் என்று காகிதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மை ஒன்றுதான்.

எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று வக்கீல் தோழரிடம் கேட்டேன். 1955ஆம் வருசத்து குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமை காரணமாக ஆஸ்பத்திரிக்குள் விடாமல் மறுத்தால் தண்டனை உண்டு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் கொண்டுவந்த திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. "உள்ள விட்டாங்க இல்ல? அட்டை போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க இல்ல? கைய நீட்டலன்னு எப்படி நிரூபிக்கறது?" என்று அவர் கேட்டார். கதவைத் திறந்துவிட்டுக் கையை மட்டும் இழுத்துக்கொண்டால் சட்டம் எங்கே பிடிக்கும்?

கிராம சுகாதார செவிலியர் எல்லாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பிரசவம், அதோடு ராத்திரி வரைக்கும் கம்ப்யூட்டரில் பதிவு ஏற்றுவது. வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் வேலை அதிகமானால் எல்லாத் தெருவிலும் பட்டை பைக்குள் போக வேண்டும். ஒரு தெருவுக்கு வரும்போது மட்டும் போகிறதே, அதற்கு வேலைப்பளு என்று பேர் வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஸ்கேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பெண்களுக்கு ஸ்கேன் மேல் இருக்கிற ஆசையைப் பார்த்துப் படித்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேவைக்கு ஒரு ஸ்கேன் போதுமே, ஏன் கடன் வாங்கி மூணு நாலு எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016ல் சொன்னதும் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், மொத்தம் எட்டு தடவையாவது பரிசோதனை என்பதுதான். எட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள், அது இருக்கட்டும். நான் அந்தப் பெண்களிடமே கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "டவுன்ல ஸ்கேன் எடுக்கற எடத்துல எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்கக்கா. பேரு, வயசு, பணம், அவ்ளோதான். படுக்க வச்சி, அந்தப் பசைய தடவி, நல்லா அழுத்திப் பாக்கறாங்க. டிவியில காட்டறாங்க. பாரும்மா உன் புள்ள கையின்னு சொல்றாங்க." வட்டிக்கு வாங்கி அவள் அந்த அரைமணி நேரத்தைத்தான் வாங்குகிறாள். தெருப் பேர் தெரியாத ஒரு கை தன் வயிற்றில் அழுந்துவதை.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் 1958ல் இந்த முறையை முதலில் வெளியிட்டார்கள். இரும்பில் விரிசல் தேடுகிற கருவியை வயிற்றுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 18லிருந்து 20 வாரத்துக்குள் பார்த்தால் பிள்ளையின் மூளை, முதுகெலும்பு, இதயம் எல்லாம் உருவாகியிருக்கிற விதம் தெரியும். பெரிய குறை இருந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கப் பெண்ணுக்கு அவகாசம் கிடைக்கும். 2021ல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரிய குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரத்துக்கு அப்புறமும் வழி வைத்தார்கள். சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டவளுக்கு அந்த இரண்டு வாரம் சேற்றிலேயே கழிந்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்று 1994ல் வந்த சட்டம் ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்குகிறது, அது வேண்டியதுதான். ஆனால் ஸ்கேனுக்கு ஒரு எல்லை உண்டு. அது பிள்ளையைக் காட்டும், தாயின் ரத்தக்கொதிப்பைக் காட்டாது. சோகையைக் காட்டாது. என் தங்கச்சிக்கு ஸ்கேனில் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் தலைவலியோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நம்மை நினைத்துச் செய்த சோதனையும் ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்துச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுதான் உலக வழக்கம். சென்னையில் டாக்டர் வி. சேஷையா வேறு மாதிரி யோசித்தார். தூரத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற கர்ப்பிணி வெறும் வயிற்றோடு எப்படி வருவாள், சாப்பிட்டுவிட்டாய் போ என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருவாளா? சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம், 140 அல்லது அதற்கு மேல் போனால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை அப்படி வந்தது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு ஒரு சோதனையை மாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி.

அந்த 2 மணி நேரம் அவள் எங்கே உட்காருவாள் என்பது இன்னொரு கதை. நிழல் இல்லை, பெஞ்சில் இடம் இல்லை, அன்றைக்குக் கூலி இல்லை. 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதன் செலவை முதலாளியும் சர்க்காரும் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்காகப் பேசினது. களையெடுக்கிறவளுக்கு சோதனை நாளுக்குச் சம்பளம் தருகிற முதலாளி இன்னும் பிறக்கவில்லை.

ரத்த அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்குச் சோகை என்று வந்தது. அட்டைக்காரப் பெண்களுக்கு நர்சம்மா சொல்லும் உணவுப் பட்டியல் எனக்கு மனப்பாடம். பேரீச்சம்பழம், மாதுளை, முருங்கைக்கீரை, முட்டை. முருங்கை சரி, வீட்டுக்கு வீடு மரம் இருக்கிறது. மாதுளை கிலோ என்ன விலை? எங்கள் பெண் ஒருத்தி வெள்ளந்தியாக, "ஞாயித்துக்கெழம மாட்டுக்கறி சாப்பிடறேம்மா" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மூக்கைச் சுளித்து, "அதெல்லாம் சூடு, புள்ளைக்கு ஆகாது" என்றாராம். நன்றாக வேகவைத்த மாட்டுக்கறியில் இருக்கிற இரும்புச் சத்து, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். இது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. அன்றையிலிருந்து அவள் கறியை நிறுத்திவிட்டாள். எட்டாம் மாசம் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

தங்கச்சியின் குழந்தையைப் புதைத்த பிறகு காலனியில் எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், பிளஸ் டூ முடித்தவர்கள், பி.பி. பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பேட்டரி போட்ட மெஷின்தான், கஷ்டமில்லை. அது வைத்தியம் செய்வதற்கு இல்லை. சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை நாம் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு வசதியாகப் போய்விடும். நம்மிடம் ஒரு எண் இருந்தால் அட்டையில் இருக்கிற எண்ணைக் கேள்வி கேட்கலாம், அதற்காக. அடுத்த மாசம் எல்லாப் பெண்களும் ஒன்றாகப் போய், "எடுத்துட்டு எழுதுங்கம்மா, மெஷின்ல என்ன காட்டுதுன்னு நாங்களும் பாக்கணும்" என்று கையை நீட்டினார்கள்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? முத்துலட்சுமி பணம் வரணுமா வேணாமா?" என்றாராம் நர்சம்மா.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் இருக்கிற மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாய் ஆனது, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து. மாசாமாசம் பதிவு இருந்தால்தான் வரும். பதிவு செய்கிற கை யாருடையதோ அதை நம் பெண்கள் பகைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். மூணு பேர் கையை மடக்கிக்கொண்டார்கள். சூளைக்காரி மட்டும் மடக்கவில்லை. "பணம் வராட்டி போவுது, சுத்துங்க" என்றாள். சுற்றினார்கள். 138/88. பதினைந்து நாளில் மறுபடி வரச் சொல்லி எழுதினார்கள். மற்ற மூணு பேரும் அப்புறம்தான் கையை நீட்டினார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் இருக்கிறார், நம் ஆள். வேறு வட்டாரத்தில் வேலை. அவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் ஊர்த்தெருவுக்குள்ள போனா வாசல்லயே நாற்காலி போட்டுடுவாங்க. பொண்ணு உள்ள இருப்பா. மாமியார் வெளிய வந்து அட்டைய நீட்டும். உள்ள போய்ப் பாக்கணும்மான்னு சொன்னா, அவ தூங்கறாம்பாங்க. போன மாசம் ஒரு வீட்டுல அந்தப் பொண்ணே வாசக்கால் வரைக்கும் வந்துச்சி. மூஞ்சியெல்லாம் உப்பியிருந்துச்சி. கைய நீட்டுமான்னேன். மாமியார பாத்துது, நீட்டல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன். பி.பி. கட்டத்த மட்டும் வெறுமனே விட்டுட்டேன். ஆபீஸ்ல கேட்டாங்க, ஏன் எழுதலன்னு. எடுக்கலன்னு சொன்னேன். மெமோ குடுத்திருக்காங்க."